எலும்புக்கு நேரம் சொல்லும் ஒளி



மருத்துவப் பக்கங்களுக்கு வரும் உங்கள் கடிதங்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: “எலும்பு இன்னும் கூடவில்லை என்கிறார்கள்.” எழுதுபவர்கள் பெரும்பாலும் அடிபட்டவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகனோ தங்கையோதான். பைக்கிலிருந்து விழுந்தார், காலில் ராடு வைத்தார்கள், மாதங்கள் ஓடிவிட்டன, எக்ஸ்ரேயில் இடைவெளி அப்படியே தெரிகிறது, மறுபடி ஆபரேஷன் செய்து இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டுமாம், வேறு வழி கிடையாதா? சம்பாதிக்கும் ஒருவர் கட்டிலோடு கிடக்கும் வீட்டில் ஒவ்வொரு மாதமும் எப்படிக் கழிகிறது என்பதை அந்தக் கடிதங்களைப் படித்தால் தெரியும்.

அந்தக் கேள்விக்கான ஒரு பதில் இப்போது உலகின் பல ஆய்வுக்கூடங்களில் உருவாகி வருகிறது. நீர் நிறைந்த ஒரு மெல்லிய ஜெல்லை எலும்பின் இடைவெளியில் நிரப்புகிறார்கள். அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி வேண்டிய நேரத்தில் அதை இறுக வைக்கிறார்கள், இளக வைக்கிறார்கள், தன்னிடம் உள்ள மருந்தை விட வைக்கிறார்கள். ஒளிக்கு இணங்கும் ஹைட்ரோஜெல் என்று இதற்குப் பெயர். எலும்பு முறிவுக்கு இது இன்னும் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் சிகிச்சை ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இதைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எலும்பு எப்படிக் கூடுகிறது, ஏன் சில நேரம் கூடாமல் போகிறது என்பதை இந்த ஆய்வு புரியவைக்கும் அளவுக்கு வேறு எதுவும் புரியவைப்பதில்லை.

எலும்பு என்றால் காய்ந்துபோன, உயிரில்லாத பொருள் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் உடலுக்குள் இருக்கும் எலும்பு அப்படிப்பட்டது இல்லை. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதமும் நீரும். தாது கடினத்தைத் தருகிறது, கொலாஜன் சட்டென்று உடையாமல் வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது. இவற்றின் ஊடே இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, செல்கள் வாழ்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் அமிலம் சுரந்து பழைய எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. அவை விட்டுப்போன குழிக்குள் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து புது எலும்பை நிரப்புகின்றன. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது.

அதனால்தான் எலும்பு முறிந்தால் தானாகவே கூடுகிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. அந்த இரத்தக்கட்டியை நோக்கி அழற்சி செல்கள் வந்து குவிந்து, சிதைந்ததை அகற்றி, மற்ற செல்களை அழைக்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் இரு முனைகளையும் குருத்தெலும்பு போன்ற மென்மையான திசு இணைக்கிறது. பிறகு அதில் தாது படிந்து கடினமாகிறது. எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி வெண்மையாகப் புடைப்பு தெரிந்தால் டாக்டர் முகம் மலர்வது இதனால்தான். அதன் பின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், அந்தப் புடைப்பைச் செதுக்கி உடல் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. தோலில் ஆழமான வெட்டு ஆறினால் தழும்பு நிற்கும். எலும்பு நன்றாகக் கூடினால் தழும்பே இருக்காது, எலும்பு எலும்பாகவே திரும்பி வரும்.

இந்த வேலையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு என்பதைக் கவனியுங்கள். அழற்சி முதலில் வேண்டும், அளவோடு வேண்டும், பிறகு அடங்கிவிட வேண்டும். இரத்தக்குழாய்கள் உள்ளே நுழைய வேண்டும், அதன் பிறகே எலும்பு படிய முடியும். வரிசை குலைந்தால் வேலை நின்றுவிடுகிறது. நூறு முறிவுகளில் ஐந்து முதல் பத்து வரை தாமதமாகக் கூடுகின்றன அல்லது கூடாமலே நிற்கின்றன என்பது மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பில் இந்தத் தொல்லை அதிகம். அதன் முன்பக்கத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசை கிடையாது, இரத்த ஓட்டமும் குறைவு. இருசக்கர வாகன விபத்தில் அடிபடுவதும் பெரும்பாலும் அந்த இடம்தான். எலும்புத் துண்டே சிதறிப் போயிருந்தாலும், சீழ் பிடித்திருந்தாலும், புற்றுக்கட்டியோடு சேர்த்து எலும்பை வெட்டி எடுத்திருந்தாலும் அந்த இடைவெளியை உடல் தானாக நிரப்பிவிடுவதில்லை.

அப்படிப்பட்ட நிலையில் இன்றும் டாக்டர்கள் முதலில் நம்புவது நோயாளியின் சொந்த எலும்பைத்தான். இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து சிறிது எடுத்து இடைவெளியில் வைக்கிறார்கள். அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, வளரத் தூண்டும் புரதங்கள் இருக்கின்றன, உடல் அதை வேற்றுப்பொருளாகப் பார்த்து விரட்டுவதில்லை. குறை என்னவென்றால், கிடைக்கும் அளவு கொஞ்சம், எடுத்த இடத்திலும் ஒரு காயம். கால் வலியைவிட இடுப்பு வலிதான் அதிக நாள் இருந்தது என்று சொல்லும் நோயாளிகள் இருக்கிறார்கள்.

எலும்பை வளர்ப்பதில் நேரமும் அளவும் எவ்வளவு முக்கியம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய டாக்டர் காவ்ரில் இலிசரோவ். காலைச் சுற்றி உலோக வளையங்களைப் பொருத்தி, மெல்லிய கம்பிகளால் எலும்போடு இணைத்து, வெட்டிய எலும்பின் இரு பகுதிகளையும் மெல்ல மெல்ல விலக்கினார். இடையில் புது எலும்பு வளர்ந்தது. விலக்க வேண்டிய அளவு ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். அதையும் ஒரேயடியாகச் செய்யாமல் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை திருகுவதுதான் வழக்கம். வேகமாக இழுத்தால் எலும்பு படியாது, மிக மெதுவாக இழுத்தால் முன்கூட்டியே இறுகிவிடும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல், மறு வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிப் பல ஆபரேஷன்களுக்குப் பிறகும் குணமாகாமல் குர்கானுக்குத்தான் போய்ச் சேர்ந்தார். அங்கே குணமாகி மீண்டும் தாண்டினார்.

இன்னொரு பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1965இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த மார்ஷல் யூரிஸ்ட், எலும்பை அமிலத்தில் ஊறவைத்துத் தாதுவை நீக்கிவிட்டு, மிஞ்சியதை விலங்குகளின் தசைக்குள் வைத்துப் பார்த்தார். எலும்புக்கே இடமில்லாத தசைக்குள் எலும்பு முளைத்தது. அந்த மிச்சத்தில் இருந்த ஏதோ ஒரு பொருள் செல்களிடம் “எலும்பாகு” என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பொருள்தான் பின்னர் பிஎம்பி என்ற புரதங்களாக அடையாளம் காணப்பட்டது. அவற்றில் ஒன்றை முதுகெலும்பு இணைப்பு ஆபரேஷனில் பயன்படுத்த 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. கொலாஜன் பஞ்சில் அந்தப் புரதத்தை நனைத்து வைப்பார்கள். பஞ்சு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, தொடக்க நாட்களிலேயே பெரும்பகுதியை விட்டுவிடும். அதனால் உடலில் இயல்பாக இருப்பதைவிட மிகப் பல மடங்கு கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. விளைவு, வேண்டாத இடத்தில் எலும்பு முளைத்தது. கழுத்து ஆபரேஷன்களில் பயன்படுத்தியபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சுவிடவே ஆபத்தானது. 2008இல் அதே அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. நல்ல மருந்துதான். ஆனால் எங்கே, எப்போது, எவ்வளவு என்பது டாக்டர் கையில் இல்லாமல் போனதால் வந்த கேடு அது.

எப்படிக் கூடுவது என்று எலும்புக்குத் தெரியும். சரியான சமயத்தில் சரியான இடத்தில் அதைத் தூண்டுவதற்கு நம்மிடம் வழி போதவில்லை. ஆபரேஷன் முடித்துத் தையல் போட்டுவிட்டால், உள்ளே நடப்பதை மாற்ற டாக்டரால் அதிகம் முடிவதில்லை. டாக்டரின் கைக்கு மீண்டும் ஒரு பிடியைத் தரக்கூடியது ஒளி. அதனால்தான் எனக்கு இந்த ஆய்வின் மேல் இத்தனை ஈடுபாடு.

முதலில் ஜெல்லைப் பற்றி. நுங்குச் சுளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நீர்தான், ஆனால் வடிந்து ஓடாமல் ஒரு வடிவத்தில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வலையாகப் பின்னி அந்த நீரைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஹைட்ரோஜெல்லும் அப்படித்தான். உடலின் மென்திசுக்களும் நீர் நிறைந்த வலைதான் என்பதால் செல்கள் அதற்குள் உயிரோடு இருக்க முடியும், உணவும் ஆக்சிஜனும் அதன் வழியே ஊடுருவும்.

மருத்துவத்துக்கு இப்படியொரு பொருளைத் திட்டமிட்டு உருவாக்கி 1960இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர்கள் செக்கோஸ்லோவாகியாவின் ஓட்டோ விக்டர்லேயும் திராஹோஸ்லாவ் லிம்மும். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், பிராகில் தன் வீட்டிலேயே, குழந்தைகள் விளையாடும் உலோகத் துண்டுப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து விக்டர்லே ஒரு சிறு சுழல் இயந்திரத்தைச் செய்தார். சுழலும் அச்சில் திரவத்தை ஊற்றி, உலகின் முதல் மென்மையான கான்டாக்ட் லென்ஸ்களை வார்த்தெடுத்தார். இன்று கோடிக்கணக்கானோர் கண்ணில் வைத்திருப்பது அந்த வழியில் வந்த ஜெல்லைத்தான். உடலுக்கு உறுத்தாத ஜெல் என்ற எண்ணம் அங்கேதான் வேர் பிடித்தது.

ஒளிக்கு இணங்கும் ஜெல் வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. 1990இல் அமெரிக்காவின் எம்ஐடியில் அட்சுஷி சுசூகியும் டோயோய்ச்சி டனாகாவும், சூடேறினால் சுருங்கும் ஒரு ஜெல்லுக்குள் இலைப் பச்சையத்திலிருந்து பெறப்படும் செம்பு கலந்த நிறமியைச் சேர்த்தார்கள். கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியை அதன்மேல் பாய்ச்சினார்கள். பச்சை நிறமி ஒளியை உறிஞ்சித் தன்னைச் சுற்றி இருக்கும் வலையைச் சூடாக்கியது, ஜெல் சுருங்கியது. ஒளியை நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்தது. தொடாமல், மருந்து ஊற்றாமல், ஒரு ஜெல்லை வேலை வாங்க முடியும் என்று அன்று தெரிந்தது.

உங்களில் பலர் ஒளியால் இறுகும் பொருளை ஏற்கெனவே வாயில் வைத்திருக்கிறீர்கள். பல் டாக்டரிடம் சொத்தையை அடைக்கப் போனபோது, பல் நிறத்தில் பசை போன்ற ஒன்றைக் குழியில் வைத்து, ஆரஞ்சு நிறத் தடுப்பு பொருத்திய ஒரு கருவியை வாய்க்குள் நீட்டி, நீல வெளிச்சம் காட்டியிருப்பார். சில பத்து வினாடிகளில் பசை கல்லாகியிருக்கும். பசையில் கலந்திருக்கும் ஒரு மூலப்பொருள் நீல ஒளியை உறிஞ்சியதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. 1970களில் இது தொடங்கியபோது புற ஊதா ஒளியைத்தான் பயன்படுத்தினார்கள். அது ஆழம் போகவில்லை, கண்ணுக்கும் கேடு என்று தெரிந்ததும் நீல ஒளிக்கு மாறினார்கள். பல் மருத்துவம் அன்று கற்ற அந்தப் பாடம் எலும்பு ஆய்வாளர்களுக்கு இன்று அப்படியே உதவுகிறது.

எலும்பில் ஒளி செய்யக்கூடிய வேலைகளை மூன்றாகச் சொல்லலாம்.

முதல் வேலை இறுக வைப்பது. சிதறிய எலும்பில் இடைவெளி ஒழுங்கான வடிவத்தில் இருக்காது. மூலை முடுக்கெல்லாம் இருக்கும். முன்கூட்டியே செய்துவைத்த கட்டி அதில் பொருந்தாது. ஜெல்லைத் திரவமாகச் சிரிஞ்சில் ஏற்றி உள்ளே விட்டால் எல்லா முடுக்குகளையும் நிரப்பும், பிறகு ஒளி காட்டினால் அந்த வடிவத்திலேயே இறுகும். இதற்கு ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படுவது ஜெலட்டின். ஜெல்லியிலும் மாத்திரைக் கேப்சூலிலும் இருக்கும் அதே பொருள்தான். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜனிலிருந்து எடுக்கப்படுவதால் செல்கள் அதைத் தெரிந்த இடமாகவே பார்க்கின்றன. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 2000ஆம் ஆண்டு வாக்கில், ஒளி பட்டால் ஒன்றோடொன்று இணையும் கொக்கிகளை ஜெலட்டின் மூலக்கூறுகளில் பொருத்தினார்கள். ஜெல்மா என்று அழைக்கப்படும் அந்தப் பொருளில் இன்று உலகெங்கும் செல்களை வளர்க்கிறார்கள், எலும்புத் தாதுவின் நுண்துகள்களைக் கலக்கிறார்கள், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்தெடுக்கிறார்கள்.

இரண்டாவது வேலை இளக வைப்பது. இதுதான் என்னை அதிகம் வியக்கவைத்தது. பலவகை செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றனவோ அதன் கடினத்தை உணர்கின்றன. 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டெனிஸ் டிஷர் குழு இதைக் காட்டியது. மூளைத் திசு அளவுக்கு மென்மையான ஜெல்லில் வைத்த செல்கள் நரம்பு செல்களின் போக்கில் போயின, தசை அளவுக்கு உறுதியானதில் தசையின் போக்கில், இன்னும் கடினமானதில் எலும்பின் போக்கில். 2009இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டி ஆன்செத் குழு, ஒளி பட்டால் வலையின் முடிச்சுகள் அவிழும் ஜெல்லை உருவாக்கியது. உள்ளே செல்கள் உயிரோடு இருக்கும்போதே, வேண்டிய இடத்தில் மட்டும் ஒளி பாய்ச்சி ஜெல்லை இளக்க முடிந்தது, அதற்குள் வாய்க்கால் வெட்டவும் முடிந்தது.

அதே குழு 2014இல் இன்னொன்றைக் கண்டுபிடித்தது. ஸ்டெம் செல்களைக் கடினமான ஜெல்லில் சிறிது காலம் வைத்துவிட்டு, ஒளியால் அதை இளக்கினால், செல்கள் மென்மையான சூழலுக்கு ஏற்பப் பழைய போக்குக்குத் திரும்பிவிடுகின்றன. கடினத்தில் இருந்த காலம் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் அப்படித் திரும்புவதில்லை. கீழே இருப்பது மென்மையாகிவிட்ட பிறகும் எலும்பாவதற்கான தூண்டல் அவற்றுக்குள் அணையாமல் இருக்கிறது. தான் இருந்த இடத்தின் கடினத்தை ஒரு செல் நினைவில் வைத்திருக்கிறது என்று இதற்குப் பொருள். சிகிச்சைக்கு இது பெரிய செய்தி. ஜெல்லை எத்தனை நாள் கடினமாக வைத்திருக்க வேண்டும், எந்த நாளில் இளக்க வேண்டும் என்று மருந்தின் அளவைப் போலக் கணக்கிட முடியும் என்ற வழியை இது திறந்திருக்கிறது.

மூன்றாவது வேலை சூடாக்குவது. மிகச் சிறிய தங்கக் குச்சிகளை ஜெல்லில் கலந்துவிட்டால், சிவப்பை அடுத்த, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அவை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில் ஜெல் தன்னிடம் உள்ள ஆன்டிபயாட்டிக்கையோ வளர்ச்சிப் புரதத்தையோ விடும். ஒளியை நிறுத்தினால் விடுவது குறையும். பஞ்சில் நனைத்து வைத்துவிட்டு விதியே என்று விடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். சூடே மருந்தாகவும் ஆகிறது. 40 டிகிரியைச் சற்றுத் தாண்டிய இளஞ்சூடு எலும்பு செல்களைத் தூண்டுவதாக ஆய்வுக்கூடங்களில் பார்க்கிறார்கள். இன்னும் கொஞ்சம் கூட்டினால் புற்றுக்கட்டியின் மிச்ச செல்களையும் கிருமிகளையும் அழிக்க முடியும். ஆனால் இங்கே பாதுகாப்பான வரம்பு மிகக் குறுகியது. 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் பட்டாலே எலும்பு பாதிக்கப்படத் தொடங்குகிறது என்று 1983இலேயே ஸ்வீடனில் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயலின் எலும்பில் காட்டிவிட்டார்கள். சில டிகிரி வித்தியாசத்தில் மருந்து தீங்காகிவிடும்.

இவ்வளவு இருந்தும் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதல் தடை, ஒளி உடலுக்குள் அதிக ஆழம் போகாதது. இன்று இரவு ஒரு டார்ச்சின் வெளிச்சத்தை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம் மறுபக்கம் சிவப்பாகத்தான் வரும். நீலத்தையும் பச்சையையும் இரத்தமும் தசையும் உறிஞ்சிவிடுகின்றன. புற ஊதா ஒளி தோலைத் தாண்டுவதே இல்லை, செல்லின் மரபணுவுக்கும் அது கேடு. சிவப்பும் அதை அடுத்த அகச்சிவப்பும், அதாவது 650 முதல் 950 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்கள், ஓரளவு உள்ளே போகின்றன. ஓரளவு என்றால் சில மில்லிமீட்டர், வலுவான கருவியாக இருந்தால் சென்டிமீட்டர் கணக்கு. தாடை எலும்புக்கும் விரல் எலும்புக்கும் இது போதலாம். தொடை எலும்பைச் சுற்றிக் கனத்த தசை இருக்கிறது. அங்கே ஒளி போய்ச் சேராது. அதனால் ஆபரேஷன் நடக்கும்போதே, தையலுக்கு முன், ஒளி காட்டி முடிப்பது ஒரு வழி. தலைமுடி போன்ற ஒளியிழையை ஊசித் துளை வழியே உள்ளே செலுத்துவது இன்னொரு வழி. அகச்சிவப்பை வாங்கி நீல ஒளியாக மாற்றித் தரும் நுண்துகள்களை ஜெல்லில் கலப்பது மூன்றாவது வழி. மூன்றிலும் ஆய்வு நடக்கிறது.

அடுத்த தடை வலிமை. எலும்பின் வெளிப்புற ஓட்டோடு ஒப்பிட்டால், செல்கள் வாழத் தகுந்த ஜெல் பத்து லட்சம் மடங்கு மென்மையானது. நடக்கும்போது உடலின் எடையை அது தாங்காது. ஆகவே ஜெல் வந்தாலும் பிளேட்டும் ஸ்குருவும் ராடும் போய்விடாது. எலும்பு வளரும் வரை எடையை உலோகம்தான் சுமக்கும், இடைவெளியை நிரப்பும் வேலை ஜெல்லுக்கு. எடை சுமக்காத இடங்களில், பல் பிடுங்கிய குழி, தாடை, மண்டையோடு ஆகியவற்றில் இது முதலில் பயன்படும் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

மூன்றாவதாக, இதுவரை கிடைத்த வெற்றிகளில் பெரும்பகுதி எலியிலும் முயலிலும் கிடைத்தவை. எலியின் மண்டையோட்டில் சில மில்லிமீட்டர் துளையிட்டு, ஜெல் வைத்து, சில வாரங்களில் எலும்பு மூடியதைப் படம் எடுக்கிறார்கள். எலியின் தோலும் எலும்பும் மெல்லியவை, ஒளி எளிதில் போகும். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ள, விபத்தில் சீழ் பிடித்த அறுபது வயதுக்காரரின் கால் எலும்பு வேறு கணக்கு. தங்கக் குச்சிகள் உடலில் எத்தனை காலம் தங்கும், எங்கே போய்ச் சேரும் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் ஜெல் ஒரே தரத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிஎம்பி கதையைப் படித்த நாம் இந்தத் தாமதத்தைக் குறைசொல்ல மாட்டோம். எலும்பில் அவசரப்பட்டதன் விலையை நோயாளிகள்தான் கொடுத்தார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். ‘ஒளி சிகிச்சையில் எலும்பு ஒட்டும்’, ‘ஜெல் ஊசி போட்டால் ஆபரேஷன் வேண்டாம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஒளிக்கு இணங்கும் ஜெல்லால் மனிதரின் முறிந்த கால் எலும்பைக் கூட்டுவது இன்று ஆய்வு நிலையில் இருக்கும் விஷயம். ஆய்வில் பங்கேற்க யாராவது அழைத்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

எலும்பு கூடவில்லை என்று இன்று சொல்லப்பட்டிருப்பவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. உள்ளே சீழ் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா? முறிந்த இடம் அசைகிறதா? சர்க்கரை, வைட்டமின் டி அளவு என்ன? இவற்றில் ஒன்றைச் சரிசெய்தாலே கூடிவிடும் எலும்புகள் பல. புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். புகை இரத்தக்குழாய்களைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. வலி குறைந்துவிட்டது என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எலும்பு கடைசிக் கட்டத்தில்தான் உறுதி பெறுகிறது.

வேதியியலும் இயற்பியலும் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். எலும்பு மருத்துவம் என்றால் எம்பிபிஎஸ் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். நான் மேலே பெயர் சொன்னவர்களில் பலர் டாக்டர்கள் இல்லை. விக்டர்லே வேதியியலாளர், டனாகா இயற்பியலாளர், ஆன்செத் வேதிப் பொறியியலாளர். ஒரு ஜெல்லின் முடிச்சு எந்த அலைநீளத்தில் அவிழும் என்று கணக்குப் போடுபவரும் ஒருநாள் ஒருவரை நடக்கவைக்க முடியும்.

கடைசியாக, நாம் எல்லோரும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஜெல் வரும் வரை எலும்பு இழந்தவர்களுக்கு எலும்பு வேண்டும். கண் தானம் பற்றி நமக்குத் தெரியும், எலும்பையும் தானமாகத் தர முடியும் என்பது பலருக்குத் தெரியாது. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது, 2011இல் செய்த திருத்தத்தில் திசுக்களும் அதில் சேர்க்கப்பட்டன. மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் திசு வங்கிகள் இயங்குகின்றன. இறந்தவர் உடலிலிருந்து மட்டும்தான் எலும்பு எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனில் வெட்டி எடுக்கப்படும் தொடை எலும்பின் தலைப்பகுதி பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. நோயாளி சம்மதித்து, பரிசோதனையில் தேறினால், எலும்பு வங்கி அதைப் பதப்படுத்தி இன்னொருவரின் இடைவெளியை நிரப்பக் கொடுக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த ஆபரேஷன் நடக்கப்போகிறது என்றால், அந்த எலும்பை வங்கிக்குத் தர முடியுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். உறுப்பு தானத்துக்குப் பெயர் பதிவு செய்யும்போது எலும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த முடிவை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்